ஜார்ஜ் சின்னரி

ஜார்ஜ் சின்னரி (சனவரி 5, 1774 – மே 30, 1852) புனைவியல் காலத்தைச் சேர்ந்த ஓர் ஆங்கிலேய ஓவியர் ஆவார். இலண்டனில் பிறந்த இவர் தமது வாழ்நாளின் பிற்பாதி முழுவதையும், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளை, ஆசியாவிலேயே கழித்தார். 1802 முதல் 1807 வரை சென்னையிலும், பின்னர் டாக்காவிலும் கல்கத்தாவிலும், 1825 முதல் இறக்கும்வரை போர்த்துக்கேயரின் ஆட்சியில் இருந்த மக்காவுவிலும் வாழ்ந்தார். ஆளுநர்கள், நீதிபதிகள், வணிகர்கள் ஆகியோரின் உருவப்படங்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து பொருளீட்டினார். எனினும் இன்று இவரை நினைவிற் கொள்ளச் செய்பவை பெரும்பாலும் அவையல்ல. பென்சிலாலும் மையாலும் நீர்வண்ணத்தாலும் சிறு தாள்களில் இவர் தீட்டிய எளிய மக்களின் படங்களே இவருக்கு நிலைத்த பெயரைத் தந்தன. சென்னைப் பகுதியிலும் வங்காளத்திலும் தண்ணீர்க் குடம் சுமக்கும் கிராமத்துப் பெண்கள், மக்காவுக் கடற்கரையில் படகு தள்ளும் தங்கா பெண்கள் ஆகியோர் இவரது வரைவுகளில் திரும்பத் திரும்பத் தோன்றுகின்றனர்.

இளமைக்காலம்

சின்னரியின் குடும்பம் எழுத்துக்கலை கற்பிக்கும் குடும்பமாகும். இவரது பாட்டனாரும் தந்தையாரும் அழகிய கையெழுத்தைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்களாக இருந்தனர். தந்தை வில்லியம் சின்னரி பொழுதுபோக்காக ஓவியமும் வரைந்து காட்சிக்கு வைத்தவர். கோட்டின் ஓட்டத்தைப் பற்றிய கவனம் இவருக்குப் பிறந்த வீட்டிலிருந்தே வந்தது எனலாம். 1792 இல் இலண்டன் அரச கலைக்கழகத்தின் பள்ளியில் சேர்ந்தார். இவரைவிட ஓராண்டு இளையவரான ஜே. எம். டபிள்யூ. டர்னர் அதே பள்ளியில் அக்காலத்தில் பயின்றவராவார். நீர்வண்ணம் என்பது வரைபடங்களுக்குச் சாயம் பூசும் துணைக்கலை என்ற நிலையிலிருந்து தனிக்கலையாக எழுந்து கொண்டிருந்த காலம் அது. சூறாவளியும் சிதைந்த கோபுரமும் மேய்ப்பரின் குடிசையும் ஓவியத்துக்கு உரிய பொருள்களாகக் கருதப்படலாயின. சின்னரி பிற்காலத்தில் எந்த நாட்டில் இருந்தாலும் குடிசையையும் பாழடைந்த சுவரையும் தேடிச் சென்றதற்கு இந்தப் பயிற்சிக்காலமே காரணம்.

1796 இல் அயர்லாந்தின் டப்ளின் நகருக்குச் சென்ற சின்னரி, அங்கே ஒரு நகை வணிகரின் வீட்டில் குடியிருந்தார். அவ்வணிகரின் மகளான மேரியான் வீன் என்பவரை 1799 இல் மணந்தார். 1800 இல் மட்டில்டா என்னும் மகளும், 1801 இல் ஜான் யூஸ்டஸ் என்னும் மகனும் பிறந்தனர். அதே 1801 ஆம் ஆண்டில் பிரித்தானியாவுடனான ஒன்றியச் சட்டத்தால் டப்ளின் தனது நாடாளுமன்றத்தை இழந்தது. செல்வந்தர்கள் இலண்டனுக்குப் பெயர்ந்தனர். அவர்களைப் படம் வரைந்து பிழைத்தவர்களின் தொழில் நலிந்தது. சின்னரி இலண்டனுக்குத் திரும்பி, அங்கும் நிலைக்காமல், 1802 சூனில் இந்தியாவுக்குக் கப்பலேறினார். மனைவியையும் இரு குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லவில்லை. அதன்பின் அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை.

சென்னையில்

1802 திசம்பர் 21 அன்று சின்னரி சென்னை வந்து சேர்ந்தார். இவரது சகோதரர் ஜான் சின்னரி அங்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனிப் பணியிலும் வணிக நிறுவனம் ஒன்றிலும் ஈடுபட்டிருந்தார். புதிய ஊரில் ஓவியருக்கு அறிமுகம் கிடைக்க அது உதவியது. சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் 1746 முதல் 1752 வரை கடலூரையடுத்த புனித டேவிட் கோட்டையில் இருந்து, பின் மீண்டும் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு மாறியிருந்தது. ஆகவே புரவலரைத் தேடிவரும் ஓவியர் எவரும் சென்னைக்கே வந்தாக வேண்டும். சின்னரி வந்தபோது, திப்பு சுல்தானின் வீழ்ச்சி தொடர்பான படங்களை வரைந்து பெயர் பெற்றிருந்த தாமசு ஹிக்கி என்னும் மூத்த ஓவியரும் அக்களத்தில் இருந்தார்.

சென்னைக்கு அப்போது துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளும் சரக்குகளும் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து கரை சேர வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னை நாரால் தைத்துக் கட்டிய இப்படகுகள் அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும் இயல்புடையவை. இப்படகுகளும், அவற்றுடன் செல்லும் கட்டுமரங்களும், அவற்றைச் செலுத்தியோரும் சின்னரியின் சென்னைப் படங்களில் இடம்பெற்றுள்ளனர்.

பிழைப்புக்காக இவர் தந்தத்தில் சிற்றோவியங்களும் எண்ணெய் வண்ண உருவப்படங்களும் வரைந்தார். கம்பனி அதிகாரிகள் ஊருக்கு அனுப்பி வைக்கத் தங்கள் முகத்தைக் கையடக்கமாக வரைவித்துக் கொள்வது அக்கால வழக்கம். நிழற்படம் தோன்றாத காலத்தில் அதற்கு வேறு வழி இல்லை. கண்ணைக் கெடுக்கும் நுண்ணிய வேலையாகிய அதற்கு வெளியே, சின்னரி தமக்காக வரைந்தவை வேறு வகையின. கூரை வேய்ந்த குடிசை, அதன் முன் கட்டப்பட்ட மாடு, ஆலமரத்தடி, கிணற்றடி, மாட்டு வண்டி, குடத்துடன் நிற்கும் பெண் ஆகியவை அவற்றின் பொருள்கள். இவற்றுள் சிலவற்றை, செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சிடும் முறையில் 1806, 1807 ஆண்டுகளில் படங்களாக வெளியிடவும் முயன்றார்.

கிராமத்துப் பெண்களின் வரைவுகள்

சின்னரிக்குப் பத்தாண்டுகள் முன்பு, 1792–1793 இல், தாமசு டேனியல், வில்லியம் டேனியல் ஆகிய இருவரும் தென்னிந்தியாவில் பயணம் செய்து கோயில்கள், கோட்டைகள், மலைகள் ஆகியவற்றை வரைந்து புகழ் பெற்றிருந்தனர். அவர்கள் படங்களில் கோபுரமே முதன்மை. மனிதர் கோபுரத்தின் உயரத்தைக் காட்டும் அளவுகோலாக அடியில் நிற்பர். சின்னரியிடம் இந்த முறை தலைகீழாகியது. கட்டடம் பின்னே சென்று, குடத்தை இறக்கி வைக்கக் குனியும் பெண் முன்னே வந்தாள்.

இவரது வேலைமுறை எளியது. முதலில் பென்சிலால் விரைவாக உருவத்தைப் பிடிப்பார். பின்னர் வீட்டில் அமர்ந்து, வேண்டிய கோடுகளை மட்டும் பேனா மையால் உறுதிப்படுத்துவார். அதன்மேல் பழுப்பு வண்ணத்தையோ மெல்லிய நீர்வண்ணத்தையோ பரப்புவார். வெள்ளைத் துணிக்குப் பெரும்பாலும் வண்ணமே பூசுவதில்லை. தாளின் வெண்மையையே விட்டுவிட்டு, மடிப்புகளின் நிழலை மட்டும் தீட்டுவார். வெயிலில் நிற்கும் பருத்திப் புடவையைக் காட்ட இது பொருத்தமான வழியாகும். ஒரே தாளில் ஒரு பெண்ணை மூன்று நான்கு நிலைகளில் வரைந்திருப்பதும் உண்டு: குடம் இடுப்பில், குடம் தலையில், குடமின்றித் திரும்பி நிற்கும் முதுகு. இத்தகைய வரைவுகளைப் பிற்காலத்தில் பெரிய படங்களில் அப்படியே எடுத்துச் சேர்த்துக் கொண்டார். எனவே சில உருவங்கள் பல படங்களில் மீண்டும் தோன்றுகின்றன.

உடை பற்றிய சான்றுகளாகவும் இப்படங்கள் பயன்படும். தென்னிந்தியக் கிராமத்துப் பெண்கள் பலர் அக்காலத்தில் ரவிக்கை அணியவில்லை. ஒரே நீண்ட துணியை உடலில் சுற்றி, தலைப்பைத் தோளில் போட்டு, வேலைக்கு ஏற்ப இழுத்துச் செருகிக் கொண்டனர். உடையைப் பெட்டியிலிருந்து எடுத்து விரித்துக் காட்டுவது போல் சின்னரி வரைவதில்லை. நடக்கும்போது துணி எங்கே இறுகுகிறது, குனியும்போது எங்கே தளர்கிறது என்பதே அவர் கவனித்தது.

இதன் வேறுபாட்டை அறிய, அதே காலத்தில் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களில் உள்ளூர் ஓவியர்கள் ஆங்கிலேயருக்காக வரைந்த படத்தொகுப்புகளுடன் ஒப்பிடலாம். இவை இன்று கம்பனி ஓவியங்கள் எனப்படுகின்றன. ஒவ்வொரு தாளிலும் ஒரு சாதியையோ தொழிலையோ சேர்ந்த கணவனும் மனைவியும், அதற்குரிய உடை, அணி, கருவிகளுடன் நிற்பர். கீழே பெயர் எழுதப்பட்டிருக்கும். புதுச்சேரி வழியாக இந்தியாவைச் சுற்றிய பிரெஞ்சு இயற்கையறிஞர் பியர் சொனரா 1782 இல் வெளியிட்ட பயண நூலின் படங்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே. புடவையின் கரை, தோடு, நெற்றிக்குறி முதலியவற்றை அறிய வேண்டுவோருக்குத் தஞ்சை ஓவியரின் படங்கள் சின்னரியின் படங்களைவிட மேலானவை; இதில் ஐயமில்லை. சின்னரியிடம் கிடைப்பது உடல் அசைவு. வகைப்படுத்தும் நோக்கம் அவருக்கு இல்லாததால் அவர் வரைந்த பெண்ணின் சாதி என்ன, ஊர் எது என்பதைப் படத்திலிருந்து அறிய முடியாது. பெயரும் இல்லை.

இவ்வரைவுகளின் அமைதியை அப்படியே நம்புவதும் சரியாகாது. சின்னரி சென்னையில் இருந்தபோதே, 1806 சூலை 10 அன்று வேலூரில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். புதுவகைத் தலைப்பாகையைக் கட்டாயமாக்கியதும், நெற்றிக்குறியையும் தாடியையும் தடை செய்ததும் அக்கிளர்ச்சியின் உடனடிக் காரணங்களுள் அடங்கும். உடை என்பது இங்கு வெறும் அழகுப் பொருள் அன்று என்பதை ஆட்சியாளர் அப்போது அறிந்தனர். அதே ஆண்டுகளில் மழை பொய்த்துச் சென்னை மாகாணத்தில் பஞ்சமும் ஏற்பட்டது. நிறைந்த குடத்துடன் நிழலில் ஓய்வெடுக்கும் கிராமத்துக் காட்சிகள், வாங்குவோர் விரும்பிய இந்தியாவையே காட்டுகின்றன. புனைவியல் ஓவியர் பலரிடமும் உள்ள குறை இது. வறுமையின் கிழிசல் அவர்களுக்கு வண்ணச் செழிப்பாகவும் கோட்டழகாகவும் தெரிந்தது.

கிர்க்பாட்ரிக் குழந்தைகள்

சென்னையில் சின்னரி வரைந்தவற்றுள் மிகவும் அறியப்பட்டது 1805 இல் வரைந்த ஒரு பெரிய எண்ணெய் வண்ண ஓவியமாகும். ஐதராபாத்தில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்த ஜேம்ஸ் அக்கிலிஸ் கிர்க்பாட்ரிக், அங்குள்ள உயர்குடியைச் சேர்ந்த கைருன்னிசா பேகத்தை மணந்திருந்தார். சாகிப் ஆலம், சாகிப் பேகம் என்னும் அவர்களின் மகனும் மகளும் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்படும் வழியில் சென்னைக்கு வந்தனர். அப்போது மகனுக்கு நான்கு வயதும் மகளுக்கு மூன்று வயதும் இருக்கும்.

சின்னரி அவர்களை ஐதராபாத் அரசவைக்குரிய நீண்ட ஆடைகளிலும் தொப்பிகளிலும் முத்துமாலைகளிலும் முழு உருவமாக வரைந்தார். சிறுவன் நேரே நோக்கி நிற்கிறான். சிறுமி கண்களைத் தாழ்த்தியிருக்கிறாள். அவ்வுடையை அவர்கள் அணிந்த இறுதி நாட்களுள் அவையும் அடங்கும். 1805 செப்டம்பரில் கப்பலேறிய பிறகு, இங்கிலாந்தில் அவர்கள் வில்லியம் ஜார்ஜ் எனவும் கேதரின் அரோரா எனவும் கிறித்தவப் பெயர்களுடன் வளர்க்கப்பட்டனர். அவர்கள் கடலில் இருந்தபோதே, அக்டோபர் 15 அன்று, தந்தை கல்கத்தாவில் இறந்தார். தாயை அவர்கள் பின்னர் ஒருபோதும் காணவில்லை. ஐதராபாத்தில் கைருன்னிசாவிடம் எஞ்சியது இந்தப் படமே. 1813 இல் அவரும் இறந்தார்.

பின்னர் படம், ஐதராபாத்தில் பணியாற்றிய ஹென்றி ரசல் என்பவரிடம் சென்று, அவருடன் இங்கிலாந்தை அடைந்தது. பல்லாண்டுகள் கழித்து அவரது மாளிகைக்குச் செல்ல நேர்ந்த கேதரின், சுவரில் தம் குழந்தைப்பருவ உருவத்தையும் அண்ணனின் உருவத்தையும் கண்டு கலங்கினார். ரசல் அப்படத்தை அவருக்கே சேருமாறு செய்தார். கேதரின், எழுத்தாளர் தாமசு கார்லைல் எழுதிய சார்ட்டர் ரிசார்ட்டசு நூலின் கதைத்தலைவிக்கு முன்மாதிரியாகக் கருதப்படுபவர். ஓவியம் பிற்காலத்தில் ஹாங்காங்கின் எச்.எஸ்.பி.சி. வங்கியின் சேகரிப்பை அடைந்தது.

வங்காளத்தில்

1807 இல், வங்காளத் தலைமை நீதிபதியும் மேற்கூறிய ஹென்றி ரசலின் தந்தையுமான சர் ஹென்றி ரசலை வரையும் வாய்ப்புக் கிடைத்துச் சின்னரி கல்கத்தா சென்றார். 1808 முதல் சில ஆண்டுகள் டாக்காவில், அங்கு வருவாய்த்துறை அதிகாரியாக இருந்த சார்லசு டாய்லியுடன் தங்கினார். டாய்லி இவரிடம் ஓவியம் பயின்று, பின்னர் தாமே தேர்ந்த ஓவியரானார். டாக்காவின் பழங்கட்டடங்கள் பற்றி டாய்லி வெளியிட்ட படநூலில் சின்னரியின் பங்கும் உண்டு. முகலாயர் காலப் பாழ்மசூதிகளும், வளைந்த கூரையுடைய வங்காளக் குடிசைகளும், குளத்துப் படித்துறைகளும் இவருக்கு அங்கே கிடைத்தன. ஈரப்பதம் மிகுந்த வங்காள வானத்தின் கீழ் இவரது நீர்வண்ணம் மேலும் மென்மையானது. படித்துறையில் குடம் நிரப்பும் பெண், முக்காட்டுத் துணியைக் கையால் பிடித்தபடி திரும்பிப் பார்க்கும் பெண், கைக்குழந்தையுடன் குடிசை வாயிலில் அமர்ந்த பெண் ஆகியோரை வரைந்த சிறந்த வரைவுகள் இக்காலத்தைச் சேர்ந்தவை.

1812 அளவில் கல்கத்தாவில் நிலைகொண்ட சின்னரி, நகரின் முதன்மையான உருவப்பட ஓவியராக விளங்கினார். மின்ட்டோ பிரபு, ஹேஸ்டிங்ஸ் கோமகன் ஆகிய தலைமை ஆளுநர்களை வரைந்தார். மரியா பிரவுன் என்னும் மாணவிக்கு ஓவியக்கலை பற்றி நீண்ட கடிதங்கள் எழுதினார். இவரது கல்கத்தா ஓவியக்கூடத்தின் காட்சி, டாய்லி 1828 இல் வெளியிட்ட ஒரு நகைச்சுவைப் பாடல் நூலில் இடம்பெற்றுள்ளது.

வருவாய் பெருகியபோது கடன் அதைவிட வேகமாகப் பெருகியது. தொடங்கிய படங்களை முடிக்காமல் விட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்குவது இவரது இயல்பாக இருந்தது. முன்பணம் கொடுத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். குடும்ப வாழ்க்கையும் சீராக இல்லை. மகள் மட்டில்டா 1817 இல் கல்கத்தா வந்தபோது, தந்தையைப் பிரிந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. மறு ஆண்டு மனைவி வந்தார். ஆனால் இதற்கிடையில் சின்னரிக்கு மணவாழ்வுக்கு வெளியே ஹென்றி, எட்வர்ட் என இரு ஆண் மக்கள் பிறந்திருந்தனர். மகன் ஜான் யூஸ்டசும் இந்தியாவுக்கு வந்து, 1822 இல் இளம்வயதிலேயே இறந்துபோனார்.

கடன்காரர்களுக்கு அஞ்சிச் சின்னரி கல்கத்தாவுக்கு அருகில் உள்ள செராம்பூருக்குச் சென்று தங்கினார். தமிழகத்தின் தரங்கம்பாடியைப் போலவே செராம்பூரும் அப்போது தென்மார்க்குக்கு உரியது. ஆங்கிலேய நீதிமன்றத்தின் பிடி அங்கே எட்டாது என்பதால் கடன்பட்டோரின் புகலிடமாக இருந்தது. (இரு ஊர்களும் 1845 இல் ஒன்றாகவே ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன.) அங்கும் நீடிக்க முடியாமல், உடல்நலத்துக்கான கடற்பயணம் என்று சொல்லி 1825 இல் சீனக்கரைக்குக் கப்பலேறினார். இவரது கடன் 40,000 பவுண்டு என அக்காலத்தில் பேசப்பட்டது.

மக்காவும் படகுப் பெண்களும்

1825 செப்டம்பரில் மக்காவு வந்த சின்னரி, எஞ்சிய இருபத்தேழு ஆண்டுகளையும் அங்கேயே கழித்தார். சீனப் பேரரசு அக்காலத்தில் ஐரோப்பிய வணிகரைக் காண்டன் நகரில் மட்டுமே, வணிகப் பருவத்தில் மட்டுமே, பெண்களின்றி வந்து தங்க அனுமதித்தது. அவர்களின் மனைவி மக்கள் மக்காவுவில் இருந்தனர். மனைவி மக்காவுக்கு வரப்போவதாகக் கேள்விப்பட்டவுடன் சின்னரி காண்டனுக்கு ஓடிப்போய், பெண்களைச் சேர்க்காத சீன அரசைப் போற்றினார் என்றொரு கதை அங்கே வழங்கியது. நண்பர்கள் சிரித்து மகிழ்ந்த கதை இது. பதினாறு ஆண்டுகள் காத்திருந்து இந்தியா வந்த மேரியானுக்கு இதில் சிரிக்க ஏதும் இருந்திராது.

மக்காவுவில் இவர் விடிவதற்கு முன்பே எழுந்து, தாளும் பென்சிலுமாகத் தெருக்களுக்கும் கடற்கரைக்கும் சென்று வரைந்துவிட்டு, அதன்பின் வீடு திரும்பி உருவப்பட வேலையைத் தொடங்குவார். கருமான், முடிதிருத்துவோர், சூதாடுவோர், பன்றிகள், சந்தைக் கடைகள் என இவர் விட்டுவைத்தது ஒன்றுமில்லை. 1834 இல் இவர் வரைந்த புனித பவுல் தேவாலயத்தின் வரைவு தனிச்சிறப்புடையது. அடுத்த ஆண்டு சனவரியில் தேவாலயம் எரிந்து, முகப்புச் சுவர் மட்டுமே எஞ்சியது.

இக்காலத்தில் இவர் மிகுதியாக வரைந்தது தங்கா பெண்களை ஆகும். தங்கா மக்கள் தென்சீனக் கரையில் படகிலேயே பிறந்து படகிலேயே வாழ்ந்தவர்கள். நிலத்தில் வாழ்வோர் அவர்களைத் தாழ்வாக நடத்தினர்; அவர்களுடன் மண உறவு கொள்வதில்லை; அரசுத் தேர்வுகளிலும் அவர்களுக்கு இடமில்லை. கரையில் குடியேற அவர்களை அனுமதித்து 1729 இல் பேரரசர் யோங்செங் ஆணையிட்ட பின்னரும் நிலைமை பெரிதும் மாறவில்லை. தங்கா என்ற பெயரே இழிவுக் குறிப்புடையதாகக் கருதப்படுவதால், நீர்மேல் வாழ்வோர் என்றே அவர்கள் தங்களைக் குறிப்பிடுகின்றனர். மக்காவுவில் கப்பலிலிருந்து கரைக்கும் கரையிலிருந்து கப்பலுக்கும் பயணிகளை ஏற்றிச் செல்லும் சிறு படகுகளைச் செலுத்தியவர்கள் பெரும்பாலும் இம்மக்களின் பெண்களே. உயர்குடிச் சீனப் பெண்களைப் போல அவர்கள் பாதங்களைக் கட்டிச் சிறிதாக்குவதில்லை; வெறுங்காலுடன் நடந்தனர்.

அவர்களின் உடை நீல நிறத் தளர்ந்த மேற்சட்டையும் அகன்ற காற்சட்டையும் ஆகும். தலையில் துணி கட்டுவர் அல்லது மூங்கிலால் பின்னிய அகன்ற தொப்பி அணிவர். சின்னரி இந்த நீலத்தை விரும்பித் தீட்டி, அதற்கெதிராகத் தலைத்துணியில் சிவப்பைச் சேர்ப்பார். சிந்தூரச் சிவப்பை இவர் கையாண்ட விதம் இவரது கைவண்ணத்தின் அடையாளமாகவே கருதப்பட்டது. துடுப்பில் சாய்ந்து நிற்கும் பெண், தம்பியையோ குழந்தையையோ முதுகில் கட்டிக்கொண்ட பெண், படகின் வளைந்த பாய்க்கூரையின் கீழ் அடுப்பு மூட்டும் பெண் எனப் பல நிலைகளில் இவர்கள் வரையப்பட்டுள்ளனர்.

சென்னை வரைவுகளிலிருந்து இவை ஒருவகையில் வேறுபடுகின்றன. அசோர், அலோய் என இரு படகுப் பெண்களின் பெயர்கள் படங்களுடன் இணைந்து நிலைத்துள்ளன. அவர்களைச் சின்னரி எண்ணெய் வண்ணத்திலும், வணிகரின் மனைவியரை வரையும் அதே கவனத்துடன், முகம் தெளிவாகத் தெரியுமாறு வரைந்தார். சென்னைக் கிணற்றடியில் முதுகைக் காட்டி நின்ற பெண், முப்பது ஆண்டுகளில், பெயரும் முகமும் உடைய ஒருத்தியாக மாறிவிட்டாள். இருப்பினும் படத்தை வாங்கிச் சென்றவர்கள் அப்பெண்களின் படகில் கூலி கொடுத்து ஏறிய வணிகர்களே என்பதையும் மறத்தலாகாது. அவ்வணிகரில் வில்லியம் ஜார்டின், ஜேம்ஸ் மாதேசன் முதலியோர் இந்திய அபினியைச் சீனாவில் விற்றுச் செல்வம் குவித்தவர்கள். அவர்களின் உருவப்படங்களையும் சின்னரியே வரைந்தார்.

அமெரிக்காவிலிருந்து வந்து 1829 முதல் 1833 வரை மக்காவுவில் தங்கியிருந்த ஹேரியட் லோ என்னும் இளம்பெண், தமது நாட்குறிப்பில் சின்னரியைப் பற்றி நிறைய எழுதியுள்ளார். அழகற்ற தோற்றமும், ஓயாத பேச்சும், பெருந்தீனி விருப்பமும் உடையவராக, ஆனால் அருகிருப்போரைக் கவர்பவராக அதில் சின்னரி தென்படுகிறார். 1833 இல் சின்னரி வரைந்த ஹேரியட் லோவின் உருவப்படம் அமெரிக்காவின் சேலம் நகரில் உள்ள பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

காண்டனில் ஓவியக்கூடம் நடத்திய லாம்குவா என்னும் சீன ஓவியர் சின்னரியின் பாணியை நன்கு கற்றுத் தேர்ந்து, அதே வகை உருவப்படங்களைக் குறைந்த விலைக்கு வரைந்து தந்தார். தாம் சின்னரியின் மாணவர் என்று லாம்குவா கூறிக்கொள்ள, சின்னரி அதை மறுத்துவந்தார்.

சுருக்கெழுத்துக் குறிப்புகள்

சின்னரியின் வரைவுகள் பலவற்றின் ஓரங்களில் புள்ளியும் வளைவுமாகச் சில கிறுக்கல்கள் காணப்படும். இவை 18 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வழங்கிய கர்னி சுருக்கெழுத்து முறையில் எழுதப்பட்ட குறிப்புகளாகும். வரைந்த நாள், ஒளி வந்த திசை, திருத்த வேண்டிய பகுதி, பின்னர்ப் பூசவேண்டிய நிறம் முதலியவற்றை இவர் இவ்வாறு குறித்து வைத்தார். பொதுவாக ஓவியர் எவரும் செய்யாத இப்பழக்கம் எழுத்தாசிரியர் குடும்பத்தில் பிறந்தவருக்கு இயல்பாக அமைந்தது. 20 ஆம் நூற்றாண்டில் ஜெஃப்ரி பொன்சால் என்பவர் இக்குறிப்புகளைப் படித்து விளக்கினார். இதனால் பல வரைவுகளின் காலத்தை நாள் வரை துல்லியமாகக் கணிக்க முடிகிறது. போலிப் படங்களைப் பிரித்தறியவும் இது உதவுகிறது. சின்னரியைப் பின்பற்றி வரைந்தோர் கோட்டைப் பின்பற்றலாம், பொருளுள்ள சுருக்கெழுத்தை எழுதுவது எளிதன்று.

இறுதிக்காலம்

1839 இல் முதலாவது அபினிப் போர் தொடங்கியது. 1842 இல் ஹாங்காங் முறைப்படி ஆங்கிலேயர் வசமானதும் வணிகர்கள் மக்காவுவை விட்டு அங்கே பெயர்ந்தனர். டப்ளினில் இளமையில் நேர்ந்தது மறுபடியும் நேர்ந்தது: புரவலர் போய்விட, ஓவியர் எஞ்சினார். 1844 இல் பிரெஞ்சுக்காரரான சூல் இத்தியே மக்காவுவில் நிழற்படங்கள் எடுத்தார். உருவப்படத் தொழிலின் போக்கை மாற்றப்போகும் கருவி அந்தக் கரைக்கும் வந்துவிட்டது. 1846 இல் சின்னரி ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஹாங்காங்கில் தங்கினார். நோயுற்றிருந்தபோதும் புதிய நகரின் காட்சிகளை வரைந்து, மக்காவுக்குத் திரும்பினார்.

மூக்குக்கண்ணாடி அணிந்து, சட்டகத்தின் முன் அமர்ந்து, திரும்பிப் பார்க்கும் கோலத்தில் 1840 அளவில் இவர் வரைந்த தன்னுருவப்படம் இலண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் உள்ளது. தமது தோற்றத்தை இவர் அதில் சற்றும் அழகுபடுத்தவில்லை.

1852 மே 30 அன்று தமது 78 ஆம் அகவையில் பக்கவாதத்தால் மக்காவுவில் சின்னரி காலமானார். பெருந்தீனிக்காரர் என்றாலும் மது அருந்தாமல் தேநீர் மட்டுமே குடித்து வந்தவர். இவரது நண்பரும் மருத்துவருமான தாமசு வாட்சன் உடலைச் சோதித்தபோது, அனைவரும் எதிர்பார்த்ததற்கு மாறாக இரைப்பை நல்ல நிலையில் இருந்தது. மக்காவுவின் பழைய புரட்டஸ்தாந்து கல்லறைத் தோட்டத்தில் இவர் அடக்கம் செய்யப்பட்டார். வீட்டிலிருந்த பொருள்கள் ஏலம் விடப்பட்டன.

பிற்கால மதிப்பு

சின்னரி இறந்தபின் இங்கிலாந்தில் இவரது பெயர் ஏறத்தாழ மறக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் கண்ணில் படாதவரை இலண்டன் கலையுலகம் நினைவில் வைத்திருக்கவில்லை. 20 ஆம் நூற்றாண்டில் சேகரிப்பாளர்கள் இவரது தாள்களைத் தேடி வாங்கத் தொடங்கினர். பேட்ரிக் கானர் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு 1993 இல் வெளிவந்தது. 2011 இல் இலண்டனின் ஏசியா ஹவுஸ் இவரது படைப்புகளைக் காட்சிப்படுத்தியது. இவரது படைப்புகள் பிரித்தானிய நூலகம், பிரித்தானிய அருங்காட்சியகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், ஹாங்காங் கலை அருங்காட்சியகம், தோக்கியோவின் தோயோ புன்கோ ஆகியவற்றில் பாதுகாக்கப்படுகின்றன. சென்னையில் வரைந்தவற்றைக் காண விரும்பும் தமிழரும் பெரும்பாலும் இலண்டன் நிறுவனங்களின் சேகரிப்புகளையே நாடவேண்டியுள்ளது.

ஜேம்ஸ் கிளாவெல் 1966 இல் வெளியிட்ட தாய்-பான் புதினத்தில் வரும் ஓவியர் பாத்திரம் சின்னரியை முன்மாதிரியாகக் கொண்டது. அமிதவ் கோஷ் 2011 இல் வெளியிட்ட ரிவர் ஆஃப் ஸ்மோக் புதினத்தில், சின்னரியின் மகனாகக் கற்பனை செய்யப்பட்ட ராபின் என்னும் இளம் ஓவியர் காண்டனிலிருந்து கடிதங்கள் எழுதுகிறார். மக்காவுவில் ஒரு தெரு ஜார்ஜ் சின்னரியின் பெயரைத் தாங்கியுள்ளது.